பாதியில் திரும்பியவளுக்கு எழுந்து நின்ற அரங்கம்

விடியற்காலையில் ஒரு மான் கூப்பிட்டுத்தான் எழுந்தேன். யாரோ மூச்சுப்பிடித்துப் புல்லாங்குழலை ஊதி, கடைசியில் மூச்சு உடைந்து இருமியதுபோல ஒரு சத்தம். ஜன்னல் திரையை விலக்கினால், புல்வெளி முழுக்கப் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கிறது. நடுவில் கொம்பைக் கிளைகிளையாக விரித்துக்கொண்டு ஒரு எல்க் கடா. நம்ம ஊர் கடமானுக்கு அண்ணன் மாதிரி அத்தனை பெரிய உருவம். அதன் மூச்சு புகையாகப் போவதைப் பார்த்தபடி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன். எட்டு மணிக்கு வகுப்பு இருக்கிறது என்ற நினைப்பு வந்ததும் வயிற்றுக்குள் ஒரு குறுகுறுப்பு. கல்லூரியில் சேர்ந்த முதல் நாளுக்குப் பிறகு இப்படி ஒரு குறுகுறுப்பு எனக்கு வந்ததே இல்லை.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எஸ்டஸ் பார்க் என்கிற மலையூர். கடல் மட்டத்திலிருந்து 7,522 அடி. ஊரை ஒட்டியே ராக்கி மலைத் தேசியப் பூங்கா. அங்கே ஒய்.எம்.சி.ஏ.வின் பெரிய முகாம் வளாகம் ஒன்று இருக்கிறது. போன அக்டோபரில் அந்த வளாகத்தில் மூன்று நாள் அவுட்டோர் லீடர்ஷிப் மாநாட்டில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து மாதங்கள் ஆகிவிட்டன. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைப் பற்றித்தான் பேசுகிறேன். பேசித் தீரவில்லை, எழுதியாவது தீர்க்கிறேன்.

அவுட்டோர் லீடர்ஷிப் என்றால் என்ன? காட்டுக்கும் மலைக்கும் ஆற்றுக்கும் ஆட்களைக் கூட்டிப்போய், அங்கே கற்க வேண்டியதைக் கற்கவைத்து, எண்ணிக்கை குறையாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிற கலை. அமெரிக்காவில் இது ஒரு தொழில். பல்கலைக்கழகங்களில் இதற்குப் பட்டப்படிப்பே இருக்கிறது. படிக்கிற பிள்ளைகளும், படிப்பித்துக்கொண்டிருப்பவர்களும், முப்பது வருஷம் மலையில் நடந்து முழங்கால் தேய்ந்தவர்களும் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரே கூரையின் கீழ் கூடுகிறார்கள். தெரிந்ததைப் புதுப்பித்துக்கொள்கிறார்கள், தெரியாததைக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள்.

எனக்கு அந்த மாநாடு ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நான் போடிக்காரி. தேனி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. மரத்தைப் படத்தில் காட்டிப் பாடம் நடத்துவது எனக்கு என்றுமே பிடித்ததில்லை. இயற்கை மன்றம் என்று வைத்துப் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போய்க்கொண்டே இருந்தேன். சோலைக்காட்டின் ஈரத்தில் ஒரு பிள்ளை முதன்முதலாகப் பாசியைத் தொட்டுப் பார்க்கும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகவே பிறந்தேன் என்று தோன்றும்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் தீப்பிடித்தது. மலையேறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தவர்கள் நெருப்பில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள், பலரும் இளம் வயது. அந்த இரவு முழுக்க எங்கள் ஊரில் ஆம்புலன்ஸ் சத்தம் அடங்கவில்லை. அதே வருஷம் மழைக்குப் பிறகு நீலக்குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற பூ. பிள்ளைகள் கேட்டார்கள், நான் கூட்டிப்போகவில்லை. அதன்பிறகும் போகவில்லை. ஏழு வருஷம். மலை ஜன்னலுக்கு வெளியே நின்றது, நான் வகுப்பறைக்குள் நின்றேன்.

டென்வரில் இருக்கிற தம்பிக்கு இதெல்லாம் தெரியும். நான் அவன் வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில்தான் ஒருநாள் ராத்திரி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். “அக்கா, இதப் பாரு. உனக்குன்னே வச்ச மாதிரி இருக்கு. ஒன்றரை மணி நேரத்துல கொண்டுபோய் விட்டுர்றேன். போறியா?” என்றான். நிகழ்ச்சி நிரலைப் படிக்கப் படிக்க எனக்குத் தொண்டை அடைத்தது. மலையில் ஆட்களைப் பத்திரமாக வைத்துக்கொள்வது எப்படி என்பதற்கே மூன்று நாள்! “போறேண்டா” என்றேன்.

தரையில் கிடந்த பையன்

முதல் நாள் மாநாட்டுக்கு முந்தைய பயிலரங்கு. தொழில் வளர்ச்சி என்று அவர்கள் சொல்வது இதைத்தான். அங்கே மலை வழிநடத்துநர்கள் பலர் எழுபது எண்பது மணி நேரக் காட்டு முதலுதவிப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வைத்திருக்கிறார்கள். அது காலாவதியாகும், மறுபடி படித்துப் புதுப்பிக்க வேண்டும். இருபது வருஷ அனுபவசாலியும் இருபது வயதுப் பையனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுப்போடப் படிக்கிறார்கள். கண்கொள்ளாக் காட்சி அது!

பைன் மரங்களுக்கு நடுவே ஒரு சரிவு. அங்கே ஒரு மாணவன் நெற்றியில் செயற்கை ரத்தத்தைப் பூசிக்கொண்டு கால் மடங்கிக் கிடக்கிறான். ஓடினேன். பயிற்றுநர் கையை நீட்டித் தடுத்தார். “நில்லுங்க. முதல்ல மேல பாருங்க” என்றார். மேலே சரிவில் ஒரு பாறை ஆடுகிற நிலையில் இருந்தது. அடிபட்டவனைத் தூக்கப் போய் நானும் அடிபட்டால், தூக்க வேண்டியவர்கள் இருவர் ஆகிவிடுவோம். முதல் பாடமே நிற்பதுதான். நிற்க வேண்டும், சுற்றிலும் பார்க்க வேண்டும், பிறகுதான் கிட்டே போக வேண்டும். ஒரு வரிப் பாடம், ஆனால் எத்தனை உயிர்களை அது காப்பாற்றும்!

அப்புறம் அந்த நாலு கட்டக் குறிப்பு. அடிபட்டவர் என்ன சொல்கிறார். நாம் என்ன பார்க்கிறோம். அதிலிருந்து என்ன நினைக்கிறோம். இனி என்ன செய்யப்போகிறோம். இந்த நாலையும் ஒரு சீட்டில் எழுதிவிட்டால், மீட்புக் குழுவுக்கு ஆள் அனுப்பும்போது அந்தச் சீட்டையே கொடுத்தனுப்பலாம். பதற்றத்தில் வாய் குழறும், சீட்டு குழறாது. தூங்குகிற பாயைச் சுருட்டிக் காலுக்குச் சிம்பு கட்டினோம். குளிரில் விறைத்தவரைத் தார்ப்பாயிலும் ஸ்லீப்பிங் பேக்கிலும் வைத்து, பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றுவதுபோல, மூக்கும் கண்ணும் மட்டும் தெரியச் சுற்றினோம். நான் சுற்றிய மாணவி உள்ளேயிருந்து, “கதகதப்பா இருக்கு, இப்படியே தூங்கட்டுமா?” என்று கேட்டாள். பயிற்றுநர் என் கட்டை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை எந்த விருதுக்கும் மாற்றமாட்டேன்.

சாயங்காலம் இன்னொரு அமர்வு: காட்டில் தடம் விடாமல் தங்கிவருவது. ‘லீவ் நோ ட்ரேஸ்’ என்கிற ஏழு நெறிகள். மலம் கழிக்கிற குழி ஆறிலிருந்து எட்டு அங்குல ஆழம், தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளி. 200 அடி என்றால் பெரிய எட்டாக எழுபது. எண்ணி நடந்து பார்த்தோம். மாதவிடாய் நாட்களில் என்ன செய்வது, பொருட்களை எப்படிக் கட்டித் திருப்பிக் கொண்டுவருவது என்று ஒரு மாணவி பொருட்களைக் கையில் எடுத்துக் காட்டியே விளக்கினாள். ஆண்களும் குறிப்பெடுத்தார்கள். இந்த ஒரு விஷயத்தை வாய்விட்டுக் கேட்க முடியாமல் மலைக்கு வராமலே நின்றுவிட்ட என் மாணவிகளின் முகங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு அந்த அறையில் உட்காரவைக்க முடிந்தால் எப்படி இருந்திருக்கும்!

தெரிந்த பாதையின் ஆபத்து

இரண்டாம் நாள் காலை. ஆபத்தில் மனித மனம் எப்படி முடிவெடுக்கிறது என்று ஓர் அமர்வு. இயான் மெக்கமன் என்கிற ஆய்வாளர் அமெரிக்காவில் 1972 முதல் 2003 வரை நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை எடுத்து அலசியிருக்கிறார். அந்த விபத்துகளில் சிக்கியவர்களில் பயிற்சி பெற்றவர்களும் இருந்தார்கள், ஆபத்தின் அறிகுறிகளும் கண்ணுக்கு எதிரே இருந்தன. இருந்தும் போனார்கள். ஏன்? மனசு வழக்கமாகப் பிடிக்கிற குறுக்குவழிகள். இடம் தெரிந்த இடம் என்கிற தைரியம். நாலு பேர் மெச்ச வேண்டும் என்கிற ஆசை. கிளம்பியாயிற்று, முடித்துவிடலாம் என்கிற பிடிவாதம். கூட இருக்கிறவர் விவரமானவர், அவர் பார்த்துக்கொள்வார் என்கிற நம்பிக்கை. இதைவிட்டால் இன்னொரு வாய்ப்பு கிடைக்காது என்கிற அவசரம். மற்றவர்களும் போகிறார்களே என்கிற துணிச்சல். ஆறே ஆறு.

இதில் என்னை உலுக்கியது முதலாவது. தெரிந்த இடம் என்று வந்துவிட்டால், நல்ல பயிற்சி பெற்றவர்களும் பயிற்சியே இல்லாதவர்கள் அளவுக்கு ஆபத்தில் இறங்கியிருக்கிறார்கள் என்று அந்த ஆய்வு காட்டுகிறது. கற்ற கல்வியைப் பழக்கம் விழுங்கிவிடுகிறது. அந்த வரியை நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன். ஏன் இரண்டு கோடு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தத் துறையின் கதையையும் அங்கேதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். 1941இல் வேல்ஸ் கடற்கரையின் அபர்டோவியில் கல்வியாளர் குர்ட் ஹான் முன்னின்று தொடங்கிய அவுட்வர்ட் பவுண்ட் என்கிற வெளிப்புறப் பயிற்சி அமைப்பு. அதன் முதல் அமெரிக்கப் பள்ளி 1960களின் தொடக்கத்தில் இதே கொலராடோவின் மார்பிள் ஊரில் திறந்தது. அங்கே பயிற்றுநராக இருந்த பால் பெட்ஸோல்ட், சொல்லிக்கொடுக்கத் தெரிந்த தலைவர்களை உருவாக்கவே தனிப்பள்ளி வேண்டும் என்று 1965இல் வயோமிங் மாநிலத்தின் லேண்டரில் ‘நோல்ஸ்’ பள்ளியைத் தொடங்கினார். 1977இல் பல்கலைக்கழக ஆசிரியர்களோடு சேர்ந்து வில்டர்னஸ் எஜுகேஷன் அசோசியேஷனையும் உருவாக்கினார். பதினாறு வயதில், 1924இல், கௌபாய் பூட்ஸோடு கிராண்ட் டீட்டன் சிகரத்தில் ஏறிக் குளிரில் அவதிப்பட்ட பையன் அவர். 1938இல் கே2 மலைக்குப் போன அமெரிக்கக் குழுவிலும் இருந்தார். அந்தப் பதினாறு வயதின் தடுமாற்றத்தை மறைக்காமல் வாழ்நாள் பாடமாக்கிக்கொண்டார் என்பதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது. தலைவனுக்கு முதல் தகுதி பகுத்து முடிவெடுப்பது, தன் அறிவின் எல்லை தனக்குத் தெரிந்திருப்பது என்று கடைசிவரை சொல்லிவந்தவர்.

அவர் கற்பித்த முறைக்கு வெட்டுக்கிளி முறை என்று பெயர். என்ன அழகான பெயர்! ஒரு பாடத்தை ஒரே மூச்சில் கொட்டாமல், வழியில் அதற்கான நேரம் வரும்போது தாவிப்போய்க் கொஞ்சம், இன்னொரு இடத்தில் கொஞ்சம். ஓடையைக் கடக்கும்போது ஓடையைப் பற்றி. மேகம் கூடும்போது மேகத்தைப் பற்றி. வருஷக்கணக்காகப் பெயர் தெரியாமல் நான் செய்துவந்த காரியத்துக்கு அங்கே ஒரு பெயர் கிடைத்தது. சொந்த ஊர்க்காரரைப் பரதேசத்தில் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

போஸ்டர் வரிசை

இனி மாணவர்கள். இந்தக் கட்டுரையையே அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மதியம் பெரிய கூடத்தில் போஸ்டர் அமர்வு. சுவர் நெடுக ஆளுயரத் தாள்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதைச் செய்த பிள்ளை. நாம் போய் நின்றால் போதும், கண் மின்ன ஆரம்பித்துவிடுவார்கள். தூங்குதொட்டில் கட்டுகிற பட்டை எவ்வளவு அகலம் இருந்தால் மரப்பட்டை நோகாது என்று ஒருவன் அளந்திருந்தான். பயணத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை பவுண்டு உணவு என்று எடை கணக்கில் பிரித்து, எது மிஞ்சியது, எது பற்றாமல் போனது என்று ஒருத்தி அட்டவணை போட்டிருந்தாள். அவளிடம் நம்ம ஊர் அவலையும் பொரிகடலையையும் பற்றிச் சொன்னேன். ஊறவைத்தால் போதும், அடுப்பே வேண்டாம் என்றதும் பேனாவை எடுத்துவிட்டாள். அரை மணி நேரம் பேசினோம். பெயரை எழுத்துக்கூட்டி எழுதி, எந்தக் கடையில் கிடைக்கும் என்றுகூடக் கேட்டுக்கொண்டாள்.

ஒரு தாளின் முன்னால் மட்டும் மூன்று தடவை போய் நின்றேன். பெட்ஸோல்ட் ஒரு கணக்கு சொல்லிவைத்திருந்தார். சமதளத்தில் ஒரு மைல் நடக்கிற தெம்பை ஓர் அலகாக வைத்துக்கொள். ஒவ்வொரு 1000 அடி ஏற்றத்துக்கும் இரண்டு மைல் கூட்டிக்கொள். மலையில் நடந்து நடந்து அவர் கண்டுபிடித்த கணக்கு. வெஸ்டர்ன் கரோலினா பல்கலைக்கழகத்தில் இதை ஆய்வுக்கூடத்திலேயே சோதித்து 2010இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் மாறினாலும், சராசரி இரண்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் வந்தது. அனுபவஸ்தர் மனக்கணக்காகச் சொன்னதும் கருவி அளந்ததும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நின்றன. அந்தக் கணக்கைத் தன் மன்றத்தின் பயணங்களுக்குப் பொருத்திப் பார்த்திருந்தான் இந்த மாணவன். நாலு மைல் பாதை, 3000 அடி ஏற்றம் என்றால் காலுக்கு அது பத்து மைல். எங்கள் போடி மலைப்பாதைகளை எல்லாம் அங்கேயே நின்று கூட்டிப் பார்த்தேன். சின்ன நடை என்று சொல்லி நான் எத்தனை பிள்ளைகளைக் கூட்டிப்போயிருக்கிறேன்! அந்தப் பையன் என் நோட்டில் தன் கையாலேயே சூத்திரத்தை எழுதிக்கொடுத்தான்.

“நாங்க உச்சிக்குப் போகல”

மூன்று மணிக்கு மாணவர் உரைகள். ஆளுக்கு இருபது நிமிஷம். நாற்காலிகள் நிறைந்து, சுவரோரம் நின்று, தரையிலும் உட்கார்ந்தாயிற்று. முன்வரிசைக்கும் முன்னால், தரையில் சம்மணம் போட்டு, வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் மடியில் நோட்டை விரித்து வைத்திருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் மலையில் வழிநடத்தியவர் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தொரு வயது இருக்கும். கையில் பிடித்திருந்த தாள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. “நாங்க உச்சிக்குப் போகல” என்றுதான் ஆரம்பித்தாள்.

ஜூலையில் ஒன்பது மாணவர்களோடு ஒரு சிகரம். கொலராடோவில் கோடை மதியங்களில் இடிமழை வரும். பகல் பன்னிரண்டுக்குள் உச்சியிலிருந்து இறங்கிவிட வேண்டும் என்பது அங்கே பாலபாடம். 11:20க்கு மேற்கே மேகம் கறுத்தது. உச்சி இன்னும் 400 அடி. ஒருவன் இதற்காகவே வேறு மாநிலத்திலிருந்து வந்திருந்தான். எல்லாரும் கெஞ்சினார்கள். அவள் திரும்பலாம் என்றாள். மரங்கள் தொடங்கும் இடத்துக்கு இறங்கியபோது மணி ஒன்று. அப்போதுதான் முதல் இடி அவர்கள் நின்ற முகட்டில் விழுந்தது.

இதோடு முடித்திருந்தால் ஒரு வீரக்கதை. அவள் முடிக்கவில்லை. அடுத்த ஸ்லைடில் அன்றைய நாளை நிமிஷம் நிமிஷமாகப் பிரித்துப் போட்டிருந்தாள். 10:40 என்ற இடத்தில் ஒரு சிவப்பு வட்டம். “நான் திரும்பியிருக்க வேண்டியது இங்கே. முதல் மேகம் கோபுரம் மாதிரி எழும்பினதை நான் பார்த்தேன். பார்த்தும் நாற்பது நிமிஷம் நடந்தேன். அந்த நாற்பது நிமிஷமும் என்னைப் பிடிச்சு இழுத்தது எது?” காலையில் படித்த அந்த ஆறு குறுக்குவழிகளில் இரண்டை எடுத்து வைத்தாள். வேறு மாநிலத்திலிருந்து வந்தவனுக்கு இனி வாய்ப்பில்லை என்ற அவசரம். குழுவுக்குப் பிடித்த தலைவியாக இருக்க வேண்டும் என்ற ஆசை. ஒளித்துவைக்க எவ்வளவோ இடம் இருந்தும் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்தாள். கடைசிப் படம்: தார்ப்பாய்க்கு அடியில், கொட்டுகிற மழையில், ஒன்பது பிள்ளைகள் நூடுல்ஸ் சாப்பிடுகிறார்கள். ஒன்பது பேரையும் அவள் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக் காட்டினாள்.

அரங்கம் எழுந்து நின்றது. உச்சியைத் தொட்டவர்களுக்குக் கைதட்டுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். 400 அடி மிச்சம் வைத்துத் திரும்பியவளுக்கு ஒரு கூட்டமே எழுந்து நிற்பதை அன்றுதான் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. தாடிக்காரர் கை தூக்கினார். “10:40க்கு நீ பார்த்த மேகத்தை இன்னொரு தடவை சொல்லும்மா, எழுதிக்கிறேன்” என்கிற மாதிரி அவ்வளவு மரியாதையாகக் கேட்டார். அவள் சொன்னாள், அவர் எழுதினார். தொழில் வளர்ச்சி என்றால் என்ன என்று இனி யாராவது என்னிடம் கேட்டால் இந்தக் காட்சியைத்தான் சொல்வேன்.

என் முறை

அன்று ராத்திரி கணப்பைச் சுற்றி ஒரு வட்டம். மயிரிழையில் தப்பிய அனுபவங்களை அவரவர் சொல்லலாம். பழி சொல்லக்கூடாது என்பது ஒன்றுதான் விதி. என்ன நடந்தது, அதனால் என்ன தெரிந்தது, இனி என்ன செய்வோம் – மூன்றே கேள்வி. ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தபோது வேண்டாம் என்று தலையாட்டத்தான் நினைத்தேன். வாய் தானாகத் திறந்தது.

2015 ஜனவரி. பதினேழு பிள்ளைகள். பதினோரு தடவை நடந்த பாதை, எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு. அருவியில் பிள்ளைகள் கெஞ்சினார்கள் என்று ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்கவிட்டேன். இறங்கும்போது ஒரு மாணவிக்கு முழங்கால் பிசகிவிட்டது. இருட்டிவிட்டது. கையில் ஒரே ஒரு டார்ச், மற்றதெல்லாம் செல்போன் வெளிச்சம். வழியில் ஆவி பறக்க யானைச்சாணம். பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாதென்று அதைத் தாண்டிப் பாட்டுப் பாடிக்கொண்டே கூட்டிவந்தேன். ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது 8:40. எண்ணினேன், பதினேழு. மறுநாள் அறிக்கையில் ‘முகாம் சிறப்பாக நிறைவுற்றது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்து வருஷம் இதை யாரிடமும் சொன்னதில்லை. தம்பியிடம்கூட.

சொல்லி முடித்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் அய்யய்யோ என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் விறகு வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மதியம் பேசிய அதே பெண் எனக்கு நேரெதிரே உட்கார்ந்திருந்தாள். “இதை எங்கள் மன்றத்தில் புதுத் தலைவர்களுக்குச் சொல்லலாமா? தெரிந்த பாதைக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களிடம் இல்லை” என்று கேட்டாள். பத்து வருஷம் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது, ஒரு நிமிஷத்தில் யாரோ ஒருவருக்குப் பாடமாகிவிட்டது. அந்த ராத்திரி நான் தூங்கிய தூக்கம் ஏழு வருஷத்தில் தூங்காத தூக்கம்.

கடைசி நாள் மதியம் தம்பி வந்துவிட்டான். லாங்ஸ் பீக் சிகரத்தின் அடிவாரப் பக்கம் கூட்டிப்போனான். 14,259 அடி. ஈனோஸ் மில்ஸ் என்கிற வழிகாட்டி அந்த அடிவாரத்தில்தான் விடுதி நடத்தினார். இந்தத் தேசியப் பூங்கா 1915இல் உருவாக ஊர் ஊராகப் பேசியவர். இயற்கையைக் காட்டி விளக்குகிற வழிகாட்டிகளை அங்கே பழக்கினார். எஸ்தர், எலிசபெத் பர்னெல் என்ற சகோதரிகள் அவரிடம் பழகி, 1917இல் இயற்கை வழிகாட்டி உரிமம் பெற்றார்கள். அந்த உரிமம் பெற்ற முதல் பெண்கள் அவர்கள்தான். நூறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பெண்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்த மண்ணில் நின்றேன். ஆஸ்பென் இலைகள் மஞ்சள் காசு காசாக உதிர்ந்துகொண்டிருந்தன. தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னக்கா, மறுபடி கூட்டிட்டுப் போகப்போறியா?” என்றான். “போகணும்டா” என்றேன்.

போடியில் ஒரு வெள்ளிக்கிழமை

இங்கேயும் காலம் மாறியிருக்கிறது. 2018 தீ விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் திறந்தார்கள். மலையோரத்துப் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கியிருக்கிறார்கள். அவர்களோடு நடந்தால் தெரியும், எந்தப் பல்கலைக்கழகமும் கொடுக்காத கண் அவர்களுக்கு. கேட்டுக் கற்க நமக்குக் காதுதான் வேண்டும்.

முறைப்படி அனுமதி வாங்கி, வழிகாட்டியோடு, பன்னிரண்டு பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். ஏழு வருஷத்துக்குப் பிறகு முதல் நடை. கிளம்பும் முன்பே ஏற்றத்தைக் கூட்டிக் கணக்குப் போட்டோம். திரும்பும் நேரத்தை நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பிள்ளை தலைமை. மூன்றாவது கட்டம் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியுடையது. காட்சிமுனைக்கு இன்னும் இருபது நிமிஷ நடைதான் பாக்கி. மூடுபனி கீழேயிருந்து ஏறிவருவதைப் பார்த்து நின்றாள். வழிகாட்டித் தம்பியிடம் என்னவோ கேட்டாள். என் பக்கம் திரும்பி, “மேம், திரும்பிரலாம்” என்றாள். முணுமுணுப்பு எழுந்தது. நான் வாயே திறக்கவில்லை. திரும்பினோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை, தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு, இருபது நிமிஷம் அவளுக்குக் கொடுத்தோம். மற்ற துறைப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள், நாற்காலி போதவில்லை. கரும்பலகையில் அவளே நேரக்கோடு வரைந்து, ஓர் இடத்தில் சிவப்புச் சாக்பீஸால் வட்டம் போட்டாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

“நாங்க பாதியில திரும்பிட்டோம்” என்று ஆரம்பித்தாள்.

நான் முன்வரிசைக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். நோட்டைத் திறந்து தேதி போட்டேன். சாக்பீஸ் பிடித்த அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது.